ஐயா லெட்டர் நியூ ஃபைனல் (2)

வாசகர் கேள்விகள்

போன இதழில் பழைய கடிதங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்வது எப்படி என்று கொஞ்சம் எழுதியிருந்தேன், எத்தனை டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி), வெளிச்சம் எந்தப் பக்கம் என்கிற மாதிரி. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டிபிஐ பற்றி இல்லை. ஸ்கேன் பண்ணியாயிற்று, இப்போது அந்த ஃபைலுக்கெல்லாம் என்ன பேர் வைப்பது என்பதுதான். சரி, இந்த மாதம் முழுக்க அதையே பார்த்துவிடலாம்.

ஒன்று மட்டும் முதலிலேயே. இந்தப் பத்தியில் ஃபைல் பெயர்களையும் தமிழ் எழுத்தில்தான் அச்சிடுகிறோம். ‘கேஎல்’ என்று இருந்தால் கே, எல் என்ற இரண்டு சின்ன ஆங்கில எழுத்தாக அடித்துக்கொள்ளுங்கள். ஏன் ஆங்கிலம் என்று சண்டைக்கு வருகிறவர்கள் மூன்றாவது கேள்வி வரை பொறுக்கவும்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ரங்கூனில் கடை வைத்திருந்தார். அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கின்றன. நானும் தம்பியும் 640 கடிதங்களை ஸ்கேன் செய்துவிட்டோம். நான் ‘ஐயா அப்பத்தாவுக்கு ரங்கூன்’ என்பது போலப் பெயர் வைக்கிறேன். தம்பி ‘லெட்டர் 1, லெட்டர் 2’ என்று போகிறான். லீவில் உதவிக்கு வந்த என் பையன் ‘ஸ்கேன்0001’ என்று மெஷின் கொடுத்த பெயரையே விட்டுவிட்டான். மூன்று பேரில் யார் சரி? – ஒரு வாசகி, காரைக்குடி

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மூன்று பேரில் சரியான பாதைக்குக் கிட்டத்தில் இருப்பது உங்கள் பையன்தான், அதுவும் அவன் சோம்பேறித்தனத்தால்.

உங்கள் முறையை எடுத்துக்கொள்வோம். ‘ஐயா அப்பத்தாவுக்கு ரங்கூன்’ என்று முதல் கடிதத்துக்கு வைத்தீர்கள். நாற்பத்தோராவது கடிதமும் ஐயா அப்பத்தாவுக்கு ரங்கூனிலிருந்து எழுதியதுதான். அப்போது பின்னால் ஒரு 2, 3 என்று ஒட்ட ஆரம்பிப்பீர்கள், அந்த 2 எதற்கு 2 என்பது அடுத்த வாரம் உங்களுக்கே தெரியாது. ஒரு நாள் உட்கார்ந்து நிதானமாக வாசிக்கும்போது அந்தக் கடிதம் ரங்கூனிலிருந்து இல்லை, மோல்மேனிலிருந்து எழுதியது என்று தெரியவரும். பெயரை மாற்றுவீர்களா? மாற்றினால், போன மாதம் சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பாவுக்கு அனுப்பிய பிரதியில் பழைய பெயர் இருக்கும். அதாவது ஸ்கேன் செய்த அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரியுமோ அதைப் பெயரில் எழுதிவிடுகிறீர்கள், தெரிந்தது நாளைக்கு மாறும், பெயர் மாறக் கூடாது. சிக்கல் இவ்வளவுதான்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. லட்சுமியை எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள், தமிழிலேயே மூன்று வரும், ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம். ஊர்ப் பெயர் அதைவிட மோசம். 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது ஞாபகம் இருக்கும், கோயம்புத்தூரும் வேலூரும் அந்தச் சில நாள் என்ன பாடு பட்டன என்பதும் ஞாபகம் இருக்கும், அப்புறம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அரசாங்கமே ஒரு வாரம் உறுதியாக நிற்க முடியாத விஷயத்தை நம்பி 640 ஃபைலுக்குப் பெயர் வைக்காதீர்கள்.

தம்பி எண் போடுகிறார், நல்லது. ஆனால் வெறும் 1, 2, 3. விண்டோஸில் பார்க்கும்போது ஒழுங்காகத்தான் தெரியும், ஏனென்றால் அது எண்ணை எண்ணாகவே படித்து வரிசைப்படுத்தும். அதே ஃபோல்டரை வேறொரு மென்பொருளில், பென் டிரைவில் போட்டு டிவியில், அல்லது இணையத்தில் ஏற்றிப் பாருங்கள், 1, 10, 100, 101 எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் 2 வரும் இடங்கள் நிறைய. உங்கள் பையனுக்கு மெஷின் கொடுத்த மாதிரி முன்னால் சைபர் போட்டு 0001 என்று ஆரம்பித்தால் எங்கே கொண்டு போனாலும் வரிசை கலையாது. இப்போது 640 தான் இருக்கிறது, மூன்று இலக்கம் போதும் என்று தோன்றும். வேண்டாம், நான்கு போடுங்கள். ஒரு வீட்டில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தால் பரணில் இரண்டாவது பெட்டி இருக்கும் என்பது என் அனுபவம்.

ஆக, இப்படிச் செய்யுங்கள். உங்கள் குடும்பத்துக்கு இரண்டு எழுத்தில் ஒரு குறி, அப்புறம் கடிதத்துக்கு நான்கு இலக்க எண், அப்புறம் பக்கத்துக்கு இரண்டு இலக்கம், நடுவில் அண்டர்ஸ்கோர். ‘கேஎல்_0412_02’ என்றால் உங்கள் வீட்டு 412ஆவது கடிதத்தின் இரண்டாம் பக்கம். உறைக்கு 00. அவ்வளவுதான் பெயர். பார்த்தால் ஒன்றும் புரியாது, புரியவும் வேண்டாம்.

புரிவதற்குத்தான் ஒரு எக்செல் பதிவேடு. கடிதத்துக்கு ஒரு வரி. எண், யார் எழுதியது, யாருக்கு, எங்கிருந்து, கடிதத்தில் போட்டிருக்கிற தேதி அப்படியே, நீங்கள் கணக்குப் போட்ட ஆங்கிலத் தேதி, எத்தனை பக்கம், சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் ஒரு வாக்கியம். ‘அப்பத்தாவுக்கு எழுதியது மட்டும் வேண்டும்’ என்றால் அங்கே வடிகட்டிக்கொள்ளலாம். மோல்மேன் என்று தெரிந்தால் பதிவேட்டில் ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும், ஃபைலை யாரும் தொட வேண்டியதில்லை. அதே எண்ணை உறையின் மூலையில் பென்சிலால் மெல்ல எழுதிவிடுங்கள். பேனா கூடவே கூடாது, ஸ்டிக்கரும் வேண்டாம், அந்தப் பசை காகிதத்தைத் தின்றுவிடும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவருகிறது. அவர்களுடைய யுனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) ஃபைல்களின் பெயரைப் பாருங்கள், ‘பிஎம்யூனி0001’ என்று திட்டத்தின் குறியும் நான்கு இலக்க எண்ணும்தான், திருக்குறளும் அப்படித்தான், சினிமாப் புகழ் பெற்ற நாவலும் அப்படித்தான், நூல் பல பாகமாக இருந்தால் பின்னால் ஒரு _01. நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் தனிப் பட்டியலில் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டத்திலும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு, தலைப்பு எத்தனை நீளமாக இருந்தாலும் அந்த எண்ணைச் சொன்னால் போதும். இவ்வளவு வருஷம் தாக்குப்பிடித்த முறை உங்கள் தகரப்பெட்டிக்கும் தாக்குப்பிடிக்கும்.

அதே வாசகியின் இரண்டாவது கேள்வி: ஐயா பல கடிதங்களில் தமிழ் வருஷம்தான் போட்டிருக்கிறார். ‘குரோதி வருஷம் மார்கழி 20’ என்று இருந்தால் தேதியை எப்படி எழுதுவது?

பிடித்த கேள்வி. இதில் இரண்டு கண்ணி இருக்கிறது.

முதல் கண்ணி எல்லோருக்கும் தெரிந்தது. அறுபது வருஷச் சுற்று. குரோதி என்றால் 1964-65 ஆகவும் இருக்கலாம், 1904-05 ஆகவும் இருக்கலாம். கடிதமே பல தடவை சொல்லிவிடும். உறையில் தபால் முத்திரை தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ஸ்டாம்பைப் பாருங்கள். பர்மா 1937இல் இந்தியாவிலிருந்து பிரிந்தது, அதற்கு முன் இந்திய ஸ்டாம்ப்தான், அதற்கப்புறம்தான் பர்மாவின் பெயர் வரும். கடிதத்தின் உள்ளேயும் துப்பு இருக்கும். 1964 வாக்கில் பர்மாவில் கடைகளை அரசுடைமை ஆக்கி நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள், அந்த வருஷக் கடிதம் என்றால் ‘சாமான் எல்லாம் போனது, கப்பலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்’ என்கிற மாதிரி ஏதாவது ஒரு வரி இருக்கத்தான் செய்யும்.

இரண்டாவது கண்ணியில் படித்தவர்களும் விழுவார்கள். குரோதி என்றதும் 1964 என்று எழுதிவிட்டு, மார்கழிக்கு டிசம்பர் என்று போட்டுவிடுகிறோம். மார்கழி டிசம்பர் நடுவில் பிறக்கிறது. மார்கழி 20 என்றால் ஜனவரி 4 வாக்கில் வரும், அதாவது 1965. வருஷம் ஒன்று தள்ளிப் போய்விட்டது பாருங்கள். மார்கழி பின்பாதி, தை, மாசி, பங்குனி எல்லாமே அடுத்த ஆங்கில வருஷத்துக் கணக்கு. ஐயா எழுதியதை ஒரு கட்டத்தில் அப்படியே எழுதி, நீங்கள் மாற்றியதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதச் சொன்னது இதற்காகத்தான், உங்கள் கணக்கு தப்பென்றால் பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்ளலாம்.

தேதி நிச்சயமில்லை என்றால்? நூலகங்களுக்கு இதற்கென்றே ஒரு எழுதுமுறை இருக்கிறது, 2019இல் தேதி எழுதுவதற்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 8601இன் இரண்டாம் பகுதியிலும் அதைச் சேர்த்துவிட்டார்கள். தெரியாத இலக்கத்துக்குப் பதில் பெரிய எக்ஸ் எழுத்து, சந்தேகம் என்றால் கேள்விக்குறி, சுமாராக என்றால் ஒரு அலைக்கோடு. பதிவேட்டில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஃபைல் பெயரில் மட்டும் கேள்விக்குறி போட முயலாதீர்கள், விண்டோஸ் விடாது.

யுனிகோட் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னமும் ஃபைல் பெயரை ஆங்கிலத்தில் வை என்று சொல்வது அடிமைப் புத்தி இல்லையா? – ஒரு கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, உங்கள் கோபம் நியாயம். தமிழில் பெயர் வைக்க முடியும், எந்தக் கம்ப்யூட்டரும் இன்றைக்குத் தடுக்காது. என் சொந்தக் கட்டுரைகளை நானே தமிழில்தான் சேமிக்கிறேன். ஆனால் ஆவணம் என்பது என் மேஜையோடு நிற்பதில்லை, பத்து கை மாறும், இருபது வருஷம் போகும், அங்கேதான் பிரச்சினை.

‘கோயில்’ என்று அடியுங்கள். அந்தக் கோ என்ற எழுத்தைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாக வைத்துக்கொள்ள முடியும். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். மெஷினுக்கு இரண்டும் வேறு வேறு. பழைய மேக் கம்ப்யூட்டர்கள் பெயரைச் சேமிக்கும்போதே இரண்டாவது விதத்துக்குப் பிரித்துவிடும். ஆக, மேக்கிலிருந்து ஒரு தடவை, விண்டோஸிலிருந்து ஒரு தடவை ஒரே இடத்துக்குக் காப்பி செய்தால் ‘கோயில்’ என்று இரண்டு ஃபைல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும். இதாவது மெஷின் செய்த கோளாறு. கௌரியை ‘கெளரி’ என்று ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு அடிக்கிறோமே, அது நாம் செய்வது, சாதாரணத் தேடலில் அது அகப்படாது.

அகரவரிசையும் நாம் நினைக்கிற மாதிரி வராது. யுனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டி வருகிறது, புள்ளி எழுத்துகளுக்கெல்லாம் பிறகு வருகிறது. வெறும் குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்துகிற மென்பொருளில் ‘மனை’ முதலிலும் ‘மரம்’ பிறகும் வரும், ‘அகம்’ முதலிலும் ‘அக்கா’ பிறகும் வரும். நம் அகராதியில் இரண்டுமே தலைகீழ். சில மென்பொருள் சரியாகச் செய்யும், சில செய்யாது, எது எப்படி என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

நீளம் வேறு. விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் (பைட் என்பது சேமிப்பை அளக்கிற சின்ன அலகு) இருக்க வேண்டும், ஆபீசுகளில் எல்லோருக்கும் பொதுவாக வைக்கிற சேமிப்புப் பெட்டிகளில் பெரும்பாலும் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், புள்ளிக்குக்கூட மூன்று. 255ஐ மூன்றால் வகுத்தால் 85 குறி, கொம்பையும் காலையும் புள்ளியையும் கழித்தால் ஏறக்குறைய ஐம்பது எழுத்து. நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் புத்தகத் தலைப்பு ஐம்பது எழுத்தில் அடங்குமா, பாதி வரும்போதே ஆசிரியரின் பட்டங்கள் ஆரம்பித்திருக்கும். விண்டோஸில் நன்றாக இருந்த ஃபைல் அங்கே காப்பி ஆகாது. இணைய முகவரியாக மாறும்போது இன்னும் வேடிக்கை. ‘அம்மா’ என்பது ஐந்து குறி, பதினைந்து பைட், முகவரியில் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக 45 எழுத்தாக நீண்டு நிற்கும். வாட்ஸ்அப்பில் அந்த லிங்கை அனுப்பினால் வாங்குகிறவர் வைரஸ் என்று நினைப்பார்.

பட்ட கதை ஒன்று. பல வருஷத்துக்கு முன் ஒரு ஊர்க்கோயிலின் பழைய திருவிழா நோட்டீஸ்களை ஸ்கேன் செய்து, ஆசை ஆசையாகத் தமிழிலேயே பெயர் வைத்து, எல்லாவற்றையும் ஒரு ஜிப் ஃபைலாகக் கட்டி ஒருவருக்கு அனுப்பினேன். அவர் பிரித்தது பழைய மென்பொருள். பெயர் எல்லாம் கட்டமும் கேள்விக்குறியுமாக உதிர்ந்துவிட்டது. படம் நன்றாகத்தான் இருந்தது, எது எந்த வருஷத்து நோட்டீஸ் என்பது மட்டும் போனது, ஏனென்றால் அது பெயரில் மட்டும்தான் இருந்தது. என்னிடம் இருந்த பிரதியையும், அனுப்பியாயிற்றே என்று அழித்திருந்தேன். ஒரு மாதம் உட்கார்ந்து மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அவர் இன்னமும் என்னோடு பேசுகிறார், பெரிய மனசு.

யுனிகோடுக்கு முன், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருந்த பாமினி எழுத்துருவில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். அதில் ‘அம்மா’ என்று பெயர் அடித்தால் ஃபோல்டரில் தெரிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். டிடிபி சென்டர் ஹார்ட் டிஸ்குகளில் இன்றைக்கும் அப்படி ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, அதைப் படிக்கத் தெரிந்த ஆட்களும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் என் கட்சி இது. ஃபைல் பெயர் வண்டி நம்பர் மாதிரி, அதில் மொழிக்கு வேலையே இல்லை. பதிவேடு முழுக்கத் தமிழில் வையுங்கள், தலைப்பு, விளக்கம், குறிச்சொல் அத்தனையும், ஒரு ஆங்கில வார்த்தை இல்லாமல். தேடுகிறவர்கள் தேடப்போவது அங்கேதான்.

சிறிய ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு கேமரா போகிறது. படங்களின் எண் மோதிக்கொள்கிறது. தேதியை முன்னால் போட்டால் சரியாகுமா? – பொள்ளாச்சியிலிருந்து

ஆகும், எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. 05-06-2011 என்று நம் வழக்கப்படி நாளை முதலில் போட்டால் எல்லா மாதத்து ஐந்தாம் தேதிக் கல்யாணமும் ஒன்றாக வந்து நிற்கும். வருஷம், மாதம், நாள். 2011-06-05. இதுதான் ஐஎஸ்ஓ 8601, 1988இலேயே வந்துவிட்டது, இதில் காலவரிசையும் பெயர்வரிசையும் ஒன்றாகிவிடுகிறது. அமெரிக்க மாப்பிள்ளை வீட்டார் 05-06 என்பதை மே மாதம் என்று படிக்கிற குழப்பமும் தீர்ந்தது.

கேமரா கொடுக்கிற எண்ணை நம்ப வேண்டாம். நான்கு இலக்கம்தான், 9999 ஆனதும் மறுபடி 0001. சீசனில் உங்களைப் போன்றவர்களுக்கு அது சீக்கிரமே சுற்றிவிடும். நான் கல்வெட்டுப் படம் எடுக்கப் போன இடத்தில் இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, ‘ரீப்ளேஸ்’ என்று கேட்டதற்குத் தூக்கக் கலக்கத்தில் சரி என்று தட்டிவிட்டு, ஒரு பிரகாரத்தையே இழந்தேன். எனவே தேதி, உங்கள் ஆர்டர் எண், கேமராவுக்கு ஒரு எழுத்து, அப்புறம் எண். ‘2011-06-05_0231_ஏ_0417’. இரண்டாவது கேமரா பி.

போகிற அன்று காலையில் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். ஏழு நிமிஷ வித்தியாசம் இருந்தால், எடுத்த நேரப்படி அடுக்கும்போது தாலி கட்டுவதற்கு முன்னாலேயே மெட்டி போட்டதாக ஆல்பம் சொல்லும். ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டதா? எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் ஒரு கேமராவின் நேரத்தை மட்டும் மொத்தமாகத் தள்ளிவைக்கும், படத்துக்குள் இருக்கிற நேரத்தைப் படித்துப் பெயரும் அதுவே வைத்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு இது பலிக்காது. அங்கே சாதாரணமாக அனுப்பினால் உள்ளே இருக்கிற விவரம் எல்லாம் கழன்றுவிடும், பெயரில் வருகிற தேதியும் படம் எடுத்த தேதி இல்லை. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கள் நண்பர் குழு ஒரு பழைய சிற்றிதழின் எல்லா இதழ்களையும் பிடிஎஃப் ஆக்கி இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஏற்றப்போகிறது. மலர், இதழ் எண்களைப் பெயரில் சேர்க்கலாமா? – சேலம்

சேர்க்கலாம் என்று வாய் வரைக்கும் வருகிறது. ஆனால் இது தமிழ்ச் சிற்றிதழ். மலர் 3 இதழ் 7 அப்புறம் மலர் 3 இதழ் 9 வரும், நடுவில் எட்டு வந்ததா, வரவே இல்லையா, அச்சகத்தில் பாக்கி வைத்ததால் நின்றதா என்று ஆசிரியருக்கே தெரியாது. இரண்டு இதழ் சேர்ந்து ஒன்றாக வரும். பொங்கல் மலர் என்று எண்ணே இல்லாமல் ஒன்று வரும். ஒரே எண் இரண்டு தடவை அச்சாகியிருக்கும், அதற்கு அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்திருப்பார்கள் அல்லது மாட்டார்கள்.

கையில் இருக்கிற இதழ்களை முதலில் தரையில் பரப்பி, வந்த வரிசையில் அடுக்கி, 001 முதல் நீங்களே ஒரு எண் கொடுங்கள். விடுபட்ட இதழ் பின்னால் கிடைத்தால் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணைக் கொடுத்துவிட்டு நகருங்கள், நடுவில் செருக வேண்டாம், காலவரிசையைப் பதிவேடு பார்த்துக்கொள்ளும். அட்டையில் என்ன மலர், என்ன இதழ் என்று அச்சாகியிருக்கிறதோ அதைத் தப்பாக இருந்தாலும் தப்போடு பதிவேட்டில் எழுதுங்கள், பக்கத்தில் உங்கள் குறிப்பு. பக்க எண்ணிலும் இதே கதை. அச்சான பக்க எண்ணோடு படத்தின் எண்ணைப் பொருத்தப் பார்க்காதீர்கள், முன்னட்டை 001, உள்ளட்டை 002, விளம்பரமும் ஒரு பக்கம்தான்.

இன்டர்நெட் ஆர்கைவ் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளப் பெயர் கேட்கும். தமிழ் எழுத்து அதில் செல்லாது, ஆங்கில எழுத்து, எண், புள்ளி, ஹைபன், அண்டர்ஸ்கோர் மட்டும். ஒரு தடவை வைத்துவிட்டால் உங்களால் மாற்ற முடியாது. அவசரத்தில் ‘டெஸ்ட்2’ என்று வைத்துவிட்டுக் காலத்துக்கும் அதைச் சுமக்கிற அருமையான நூல்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். எங்கள் ஊர் வரலாறு பற்றிப் பதினோராயிரம் படங்கள், ஸ்கேன்கள் வைத்திருக்கிறேன். பெயர்கள் எல்லாம் கந்தரகோலம். எல்லாவற்றையும் மாற்றவா, விட்டுவிடவா? – நாகர்கோவில்

ஐயா, முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, இருப்பதை இருக்கிறபடியே ஒரு பிரதி எடுத்து, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். உங்கள் பழைய பெயர்கள் உங்களுக்குக் கந்தரகோலமாகத் தெரியலாம். ‘மாமா வீட்டு மாடி 3’ என்ற பெயரில் அந்தப் படம் எங்கே எடுத்தது என்கிற ஒரே சாட்சி இருக்கிறது. அதனால் பெயர் மாற்றும்போது பதிவேட்டில் பழைய பெயருக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்.

பதினோராயிரத்தையும் கையால் மாற்ற வேண்டியதில்லை. விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் பவர்ரீநேம் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், மாற்றினால் எப்படி வரும் என்று முன்னாலேயே காட்டும். மேக்கில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது பொத்தானை அழுத்தினால் ‘ரீநேம்’ அங்கேயே இருக்கும். இருபது ஃபைலில் செய்து பாருங்கள், சரியாக வந்தால் இருநூறு, அப்புறம் மீதி. யாருக்காவது லிங்க் கொடுத்திருந்தால், புத்தகத்தில் அடிக்குறிப்பாகப் போட்டிருந்தால், அந்த ஃபைல்களை மட்டும் தொடாதீர்கள், அசிங்கமான பெயரோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று போகிற பழக்கம் இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயரின் கடைசி வரைக்கும் மொத்தம் 260 எழுத்து என்ற பழைய வரம்பு பல மென்பொருள்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உள்ளே போகப் போகத் திறக்காது.

ஒரே கட்டுரைக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் கரெக்‌ஷன் பார்த்தது’, ‘இதுதான் ஃபைனல்’ என்று நான்கு இருக்கிறது. எது ஃபைனல்? – ஒரு உதவி ஆசிரியர், சென்னை

நான்காவதைத் திறந்து பாருங்கள், அதுவாக இருக்காது. இனிமேல் வி01, வி02.

எங்கள் சங்கத்தில் ஐந்து பேர் ஸ்கேன் செய்கிறோம். விதி போட்டோம், இரண்டு மாதம் ஓடியது, புதிதாக வந்தவர் அவர் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கிறார், கேட்டால் அதுதான் அழகு என்கிறார். என்ன செய்வது? – தஞ்சாவூர்

அவர் வைக்கிற பெயர் உண்மையிலேயே அழகாக இருக்கலாம். ஐந்து பேரும் ஒரே மாதிரி வைக்கிற சுமாரான பெயர் அதைவிட உபயோகம் என்று டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

விதியை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? வாட்ஸ்அப் குழுவில் என்றால் அது எழுதினதாகவே கணக்கில்லை. அரைப் பக்கத்தில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக எழுதி, ஆவணங்கள் இருக்கிற அதே ஃபோல்டரில் எல்லாவற்றுக்கும் மேலே வருகிற மாதிரி ‘00_படிக்கவும்’ என்று போடுங்கள். குறி எது, எத்தனை இலக்கம், தேதி எந்த வரிசை, ஸ்பேஸ் கூடாது, பெரிய எழுத்து கூடாது. பெரிய எழுத்து ஏன் என்றால் விண்டோஸுக்குப் பெரிய ஏயும் சின்ன ஏயும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு. விண்டோஸ் ஏற்காத ஒன்பது குறிகளையும் எழுதிவிடுங்கள், இரண்டு சாய்கோடு, முக்காற்புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், இரண்டு கோண அடைப்பு, நெட்டுக்கோடு. கீழே ஒரு சரியான பெயரும் ஒரு தப்பான பெயரும் உதாரணத்துக்கு. அந்தத் தப்பான உதாரணத்துக்குப் புது ஆள் வைத்த பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அப்புறம் ஐந்து பேர் நான்கு பேர் ஆகிவிடுவீர்கள்.